துபாய் கெட்டில்

2024 ஜனவரி 7, ஞாயிறு காலை. கச்சிராயபாளையத்தில் மலைப்பக்கம் பனி இன்னும் விலகவில்லை.

காஜா மைதீன் வீட்டு அடுப்படியில் ஜன்னல் வெயில் ஒரு கண்ணாடி கெட்டிலுக்குள் புகுந்து மேடைக்கல்லில் நடுங்குகிறது. துபாயில் இருக்கும் அவர் தம்பி ஆஷிக், தன் மனைவி ஜெபீனாவுக்கு அனுப்பியது. ஜெபீனா அதைக் குழாய்த் தண்ணீரில் அலசி, குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல் மெல்லிய துணியால் துடைக்கிறாள். மூத்த மருமகள் மெஹ்ராஜ் பேகம் வெங்காயம் அரிந்தபடி பார்க்கிறாள். அவள் வாழ வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் டீ அவள் கையால்தான். கெட்டில் வந்ததிலிருந்து அவளுடைய அலுமினியப் பாத்திரம் கவிழ்ந்தே கிடக்கிறது. கூடத்திலிருந்து அவள் கணவர் காஜா மைதீன் குரல் கொடுக்கிறார்: "ஜெபீனாம்மா, அந்தக் கண்ணாடிலயே போடு. கலரு பாக்கவே நல்லாகீது."

அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. தினமும் வெந்நீரில் அலசுகிற கெட்டிலோ இன்று குழாய்த் தண்ணீரில் சில்லிட்டிருக்கிறது. சில்லிட்ட கண்ணாடியில் கொதிநீர் பட்டால் விரிசல் விடும் என்று மெஹ்ராஜுக்குத் தெரியும். புதுப்பெண்ணாக இருந்தபோது ஊறுகாய் பாட்டிலை அப்படித்தான் உடைத்தாள். இப்போது அவள் வாய் திறக்கவில்லை. கையில் கத்தி நின்றுவிட்டது.

"இன்னாக்கா, பாத்துக்கினே இருக்கீங்க? ஊத்தட்டுமா?"

"ஊத்தேன். யாரு வாணான்னா?"

கொதிநீர் விழுகிறது. கண்ணாடி வெள்ளையாக வேர்த்து, பிறகு தெளிகிறது. தேயிலை சுழன்று, தேன் நிறம் மெல்லப் பரவுகிறது. எங்கும் ஒரு கீறல் இல்லை.

"அடுப்பு மேலயே வெக்கலாமாம்க்கா, உடையாதாம். அவரு போன்ல சொன்னாரு," என்கிறாள் ஜெபீனா.

காஜா மைதீன் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்கிறார். ஜெபீனா எடுத்துக்கொண்டு போகிறாள்.