முதுகு காட்டி நிற்பவள்

அருங்காட்சியகப் பயிற்சியின் முதல் நாளே ஓவியத்தைத் தொடலாம் என்றதும் அந்தக் கல்லூரி மாணவிக்குத் தலைகால் புரியவில்லை. நீளப் பின்னலோடு, நமக்கு முதுகு காட்டி ஜன்னலோரம் நிற்கும் ஒரு பெண்ணின் படம் அது. கையுறை மாட்டிக்கொண்டு, மேற்பார்வையாளர் அக்காவோடு சேர்ந்து அதைச் சுவரிலிருந்து இறக்கி, தூசி தட்டப் பின்பக்கம் திருப்பினாள்.

வெறும் துணியாக இருக்கவேண்டிய இடத்தில் ஒரு முகம் சிரித்தது.

“அக்கா! பின்னாடி அவங்க முகத்தையும் வரைஞ்சிருக்காங்க! சொல்லவே இல்லையே நீங்க!”

அக்கா மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் முகத்தைக் காணோம்.

“எங்கம்மா? வெறும் துணிதானே? முதல் நாளே ஆரம்பிச்சுட்டியா?”

“சத்தியமா இருந்துச்சுக்கா! முன்பக்கம் திருப்புங்க, பாத்துடுவோம்!”

திருப்பினார்கள். அந்தப் பெண் எப்போதும்போல முதுகு காட்டித்தான் நின்றாள். பின்னல் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.