வாய்க்கால் பக்கத்துச் சுவர்

"மசமசன்னு நிக்காம கல்லை வையுய்யா. இன்னும் ஒரு சாண் சரிஞ்சா வீடு வாய்க்கால்ல உக்காந்துடும்!"

மேலே நின்று அதட்டினாள் ராமாயி. கீழே வாய்க்காலுக்குள் நின்று தடுப்புச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார் அவள் கணவர் வைரக்கண்ணு. நேற்றைய மழையில் கரை சரிந்து, குடிசையின் பின்சுவர் அந்தரத்தில் நின்றது. ஆற்றில் தண்ணீர் வந்தாயிற்று. வாய்க்காலுக்கும் வந்துவிட்டால் குடிசை தாங்காது.

அவரோ ஒரு கல் வைப்பார், சாலையைப் பார்ப்பார். மறுபடி ஒரு கல், மறுபடி சாலை.

"அங்க என்ன பார்வை? கல்லு கோணுது பாரு."

"பண்ணையார் காரு சத்தம் மாதிரி கேட்டுச்சு."

"கேட்டா கேக்கட்டும். குடிசையே விழுந்துட்டா என்னத்தைக் காட்டி மனை கேக்குறது?"

குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்திருந்தது. ஆனால், 'அது என் மாட்டுக்கொட்டகை. இவர்கள் சித்திரையில்தான் வந்து புகுந்தார்கள்' என்று பண்ணையார் இராஜாங்கம் தன் காரியக்காரரை அனுப்பித் தாலுகா அலுவலகத்தில் சொல்ல வைத்துவிட்டார். மறுத்துச் சொல்லத் தெருவில் ஒருவருக்கும் துணிவில்லை. எல்லோருக்கும் அவர் வயலில்தான் கூலி.

கார் வந்தே விட்டது.

"டேய் வைரக்கண்ணு! யாரைக் கேட்டுடா கல்லு வைக்கிறே?"

வைரக்கண்ணுவின் கையிலிருந்த செங்கல் நழுவிச் சேற்றில் விழுந்தது. "கரை சரியுதுங்க ஐயா..."

"சரியட்டும். மண்ணும் கீத்தும் போதும்னுதானே இடம் விட்டோம்? இப்ப செங்கல் கேக்குதோ? இவன் யாருடா, சங்கத்துக்காரனா?"

தலையில் துண்டு கட்டி, வேட்டியை மடித்துக்கொண்டு, செங்கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவரைத்தான் கேட்டார்.

"நீடாமங்கலத்துலேருந்து வந்தவருங்க" என்றாள் ராமாயி. "கரை கெடக்குற கெடையைப் பாத்துட்டு அவரா எறங்கிட்டாரு."

"வெளியூர்க்காரனைச் சேத்துக்கிட்டு ஆட்டம் போடுறீங்களா?"

ராமாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நாங்களே வெளியூருதானுங்களே. சித்திரையிலதான் வந்து பூந்தோம். உங்க காரியக்காரரே சொன்னாராம்."

"ராமாயி, சும்மா இரு" என்று கெஞ்சினார் வைரக்கண்ணு.

இராஜாங்கத்துக்கு முகம் சிவந்தது. "திமிரைப் பாரு! உன் மாமனாருக்கு இந்த இடத்தை விட்டதே எங்கப்பா. உன் புருஷன் பொறந்தது இந்தக் குடிசையில. அவன் அப்பன் செத்தப்ப கோடித்துணி எங்க வீட்டுலேருந்துதான் வந்துச்சு. தலைமுறையா எங்க மண்ணுல கெடந்துட்டு எங்கிட்டயே வாயாடுறியா?"

"அப்ப, இவங்க வேற எங்கயும் குடியிருந்ததே இல்லீங்களா?" என்று செங்கல் கொடுத்தவர் கேட்டார்.

"எங்கேடா போவானுங்க? ஊருக்கே தெரியும். உனக்கென்ன அந்தக் கவலை? கல்லைப் போட்டுட்டு ஓடுறா!"

வந்தவர் தன் கையிலிருந்த செங்கல்லை வைரக்கண்ணுவிடம் கொடுத்தார். தலைத்துண்டை அவிழ்த்துச் சேற்றைத் துடைத்தார். வேலியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"போறேங்க, வந்த வேலை முடிஞ்சுது" என்றார், மனை விசாரணைக்கு வந்திருந்த தாசில்தார். "இந்த ஊருல ஒருத்தராவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல மாட்டாங்களான்னுதான் காலையிலேருந்து காத்துக்கிட்டிருந்தேன்."