பிரான்ஸ் காற்று

“இதுதான் மச்சாள் பிரான்ஸ்! மூச்சை நல்லா இழுத்துப் பாருங்கோ. காத்தே வேறை!”

காரை விட்டு இறங்கிய சுலோஜனா, அந்தக் கிராமத்தைத் தானே கட்டி முடித்தவள் போலக் கைகளை அகல விரித்து நின்றாள். கல் பதித்த தெரு, மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள், சன்னல் தோறும் சிவப்புப் பூக்கள், பின்னால் மலைச்சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம்.

கணவனின் அக்கா மகாதேவி கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூச்சை இழுத்தாள். “ஓமடி சுலோ. ஒரு வாசம் இருக்குத்தான்.”

மகாதேவி கனடாவின் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தாள். போன முறை வந்தபோது சுலோஜனா அவளைச் சுவிஸ் மலை பார்க்கக் கூட்டிப்போனாள். மலை தெரியவில்லை; மூடுபனிதான் தெரிந்தது. அந்தக் கதை ரொறன்ரோவில் ஒரு கல்யாண மண்டபத்தில் சோறு பரிமாறுவதற்குள் ஐந்நூறு பேருக்குப் பரவி, இன்றுவரை அங்கே அவள் பெயர் ‘மூடுபனி சுலோ’. இந்த முறை எப்படியாவது அந்தப் பெயரைத் துடைத்துவிட வேண்டும் என்று மூன்று வாரம் யூடியூபில் பிரெஞ்சுக் கிராமங்களாகப் பார்த்துத் தள்ளினாள். ஜெர்மனியில் அவர்கள் குடியிருக்கும் கொலோனிலிருந்து வந்த மூன்றரை மணி நேரமும் பாடமாக்கியதை ஒப்புவித்ததில், வெளியே எந்த நாடு போகிறது என்று பார்க்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

“இந்தச் சேர்ச் எப்ப கட்டினது?” என்று மகாதேவி கேட்டாள்.

“பன்னிரண்டாம் நூற்றாண்டு மச்சாள்.” எந்தச் சேர்ச்சைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வது என்று முன்பே முடிவெடுத்திருந்தாள்.

அப்போதுதான் சேர்ச் சுவரில் இருந்த பலகை கண்ணில் பட்டது. ‘உங்கள் நாயின் கழிவை நீங்களே அள்ளவும்!!!’ சுத்தமான ஜெர்மனில்.

சுலோஜனா அதை இரண்டு தரம் வாசித்தாள். கைபேசியைப் பார்த்தாள். எல்லை தாண்டினால் வரும் ‘பிரான்சுக்கு நல்வரவு’ செய்தி வந்திருக்கவில்லை. தெருவில் நின்ற கார்களைப் பார்த்தாள். எல்லாம் ஜெர்மன் இலக்கத் தகடுகள்.

காரை ஓட்டிவந்த கணவன் செல்வராசாவின் கையைப் பிடித்து ஒரு வளைவுக்குப் பின்னால் இழுத்துப்போனாள். “இஞ்சேருங்கோ, இது இன்னும் ஜெர்மனியப்பா!”

செல்வராசா வானத்தைப் பார்த்தான். “இருக்கட்டும். ஊர் வடிவாத்தானே இருக்கு.”

“இனி எல்லைக்குப் போனாலும், ‘அப்ப இவ்வளவு நேரமும் எது?’ எண்டு மச்சாள் கேப்பா. ரொறன்ரோவுக்குத் தெரிஞ்சால் நான் செத்தன். நீங்கள் வாயே திறக்கக்கூடாது!”

“நானோ? நான் ஒண்டும் பறையமாட்டன்,” என்றான் அவன்.

அதற்குப் பிறகு சுலோஜனா ஊரைக் காட்டவில்லை; மறைத்தாள். படம் எடுக்கும்போது நாய்ப் பலகையை முதுகால் மூடினாள். ஜெர்மனில் பெயர் எழுதிய தீயணைப்பு நிலையத்தைக் கடக்கும்போது எதிரே இருந்த வெறும் மதிலைக் காட்டி, “இதிலைதான் பெரிய சண்டை நடந்தது” என்றாள். எந்தச் சண்டை என்று மச்சாள் கேட்கவில்லை. பிழைத்தாள்.

சதுக்கத்தில் கம்பத்தின் உச்சியில் ஜெர்மன் கொடி படபடத்தது. சுலோஜனா கண்ணை இறுக மூடித் திறந்தபோது, மகாதேவி குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். முருகன் கைவிடவில்லை.

எதிரே ஒரு கிழவர் நாயோடு வந்தார். “குட்டன் டாக்!” என்று ஜெர்மனில் வணக்கம் சொன்னார்.

“எல்லையோரம்தானே மச்சாள்,” என்று சுலோஜனா பாய்ந்து விழுந்து சொன்னாள், “இஞ்சத்தை ஆக்கள் ரெண்டு பாஷையும் கதைப்பினம்.”

“பொன்ஜூர்!” என்று மகாதேவி உரக்கச் சொன்னாள். கிழவர் நாயைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“உங்களுக்குப் பிரெஞ்சு தெரியுமோ?” என்று சுலோஜனா கேட்டாள்.

“கனடாவிலை கோர்ன்பிளேக்ஸ் பெட்டியிலையே பிரெஞ்சு இருக்கடி. இருபத்தெட்டு வருசமா வாசிக்கிறன்.”

உணவகத்தில் மெனு அட்டைகள் வந்ததும் மூன்றையும் பறித்து மடியில் வைத்துக்கொண்டாள் சுலோஜனா. “என்னெண்டு தெரியாமல் சாப்பிட்டால்தான் மச்சாள் ருசி.” பரிமாறும் பெண்ணின் காதுக்குள் ஏதோ சொன்னாள். உருளைக்கிழங்குச் சூப்பும் பிளம்ஸ் கேக்கும் ஒன்றாக வந்தன. அந்தப் பெண் வாய் திறந்தபோதெல்லாம் “மெர்சி, மெர்சி” என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிச் சுலோஜனா விரட்டினாள்.

மகாதேவி ஒரு வாய் சூப்புக் குடித்துவிட்டுக் கைபேசியில் ரொறன்ரோவுக்கு அழைத்தாள்.

“ஓம் வனஜா, பிரான்சிலைதான் நிக்கிறம். சாப்பாடெண்டால் இதெல்லோ சாப்பாடு! சுலோ ஒவ்வொரு கல்லுக்கும் கதை சொல்லுறாள். மூடுபனியோ? சீச்சீ, நல்ல வெய்யில்!”

சுலோஜனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்நூறு பேரும் எழுந்து நின்று கை தட்டுவது போல இருந்தது. மகாதேவி கழிவறைக்குப் போனதும் நாற்காலியில் சாய்ந்தாள்.

“பாத்தீங்களோ? கனடாக்காரியை நாள் முழுக்க ஏமாத்திப்போட்டன். நீங்கள் வழி பிழைச்சதுக்கு நான் பட்ட பாடு!”

செல்வராசா கழிவறைக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“வழி பிழைக்கேல்லை. அக்கா பாஸ்போட்டை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டா. ‘எல்லையிலை பொலிஸ் மறிச்சாலும் மறிக்கும், இஞ்சாலைப் பக்கமே ஏதும் பழைய ஊராப் பாத்து நிப்பாட்டு தம்பி, ஆனால் சுலோவுக்கு மட்டும் சொல்லிப்போடாதை, கொலோன் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள்’ எண்டு பெற்றோல் அடிக்கேக்கை என்ரை கையைப் பிடிச்சுக் கெஞ்சினவ.”