வெள்ளைப் பொட்டு

1936இல் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீரங்கத்து வீட்டுக் கொல்லையில் ஒரு குளவிக்கூடு. அதன் ராணியின் முதுகில் வெள்ளைப் பெயின்டால் பொட்டு வைத்து, மறுநாள் அந்த ராணியை இடுக்கியால் எடுத்துவிடுவேன். சாயங்காலத்துக்குள் இன்னொரு குளவி ராணியாகிவிடும். கூட்டில் ஒரு வேலையும் நிற்காது.

பங்குனியில் என் மனைவி வைதேஹி ஜுரத்தில் போனாள். ஆவணியில் கமலவல்லி இரண்டாந்தாரமாக வந்தாள். வீட்டிலும் ஒரு வேலையும் நிற்கவில்லை. நான் சரியாக அழக்கூட இல்லை.

தை மாதம் ஒரு நாள் காபியை வைத்துவிட்டுத் திரும்பிய கமலவல்லியின் பிடரியில் வெள்ளைப் பொட்டு இருந்தது.

“பெயின்டைத் தொட்டியா?”

“இல்லையே. கார்த்தாலேர்ந்து இருக்கு. தேய்ச்சாலும் போகமாட்டேங்கறது.”

ஜுரம் வருவதற்கு முதல் நாள் வைதேஹியும் இதையேதான் சொன்னாள். குளவிகளை எண்ணிக்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்க்காமலே, “சுண்ணாம்பா இருக்கும்” என்றேன்.