பத்து நிமிடச் சாட்சி

"கோட்டில என்ன கறை இது? இரவல் கோட்டெல்லே..."

"பொறுமப்பா, சப்பாத்தைக் கழட்ட விடும்..."

"...சனிக்கிழமை மேல்மாடிச் சிறிதரன் இதைப் போட்டுக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போக வேணும்! என்ன கறை எண்டு கேக்கிறன்!"

"தேத்தண்ணி."

மனைவி சந்திரவதனாவின் குரல் சட்டென்று பாதியாக இறங்கியது. "விசாரணைக்குப் போன இடத்தில தேத்தண்ணியோ? கொழும்பில கொமிசனுக்குப் போனால் பச்சைத் தண்ணியும் தர மாட்டாங்கள்."

வரதராஜா கதிரையில் உட்கார்ந்தார். கடல் கடந்து வந்து குடியேறிய லிட்கம் ஊர் மாடி வீட்டின் அந்தக் குசினியில் இரண்டே கதிரைகள். கொழும்பு வீட்டில் பன்னிரண்டு இருந்தன. போன வருடம், எழுபத்தேழு ஆவணிக் கலவரத்தில், வீட்டோடு சேர்த்து அவற்றையும் கொளுத்திவிட்டார்கள். ஏன் கொளுத்தினார்கள் என்று அங்கே ஒரு கொமிசன் இன்னமும் விசாரித்துக்கொண்டிருக்கிறது.

"அங்க அடிச்சுப்போட்டு, ஏன் அடிச்சது எண்டு விசாரிக்கினம். இஞ்ச அடிக்க முதலே விசாரிக்கினம். முன்னேறின நாடெண்டால் சும்மாவே?" என்றாள் சந்திரவதனா.

வேற்றினத்தவருக்கு வேலையில் ஏன் சம இடம் கிடைப்பதில்லை என்று கண்டறிய இங்கே அரசாங்கம் ஒரு குழு போட்டிருந்தது. பதினெட்டு வருடம் பாலம் கட்டிய இஞ்சினியர் வரதராஜா இப்போது ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறார். தன் படிப்பை இந்த ஊரில் ஒருவரும் படிப்பாகவே எண்ணவில்லை என்று அந்தக் குழுவுக்குப் பன்னிரண்டு பக்கம் எழுதிப் போட்டார். செவ்வாய்க்கிழமை நேரில் வந்து பத்து நிமிடம் பேசலாம் என்று பதில் வந்தது. மூன்று கிழமையாக அந்தப் பத்து நிமிடத்தை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"சரி, முதலில இருந்து சொல்லுங்கோ. பியூன் வந்து பேரைக் கூவினவனோ?"

"இஞ்ச பியூன் இல்லையப்பா. கொழும்பு வழக்கம்போலக் கூப்பிடுவாங்கள் எண்டு விறாந்தையில நிண்டனான். ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை ஓடிவந்து, 'வந்திட்டீரோ, உம்மைத்தானே காத்துக்கொண்டிருக்கிறம்' எண்டு உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போனா."

"பேர் கேக்கேல்லையோ?"

"இல்லை."

"பாத்தீங்களே! முகத்தைப் பாத்தே ஆரெண்டு அறிஞ்சிருக்கினம். எவ்வளவு நேரம் உள்ளுக்கு இருந்தனீங்கள்?"

"ஒன்பதரையில இருந்து நாலு மணி மட்டும். இருக்கேல்லை. நிண்டனான்."

"சாட்சி எண்டால் நிண்டுதானே சொல்ல வேணும்? பத்து நிமிசம் எண்டவை, முழுநாளும் விடேல்லை! உங்கட பன்னிரண்டு பக்கமும் அவையளை உலுக்கிப்போட்டுது."

"அடுத்த கிழமை பக்கத்து ஊர் பரமற்றாவில கூடுகினம். அதுக்கும் வரச் சொன்னவை," என்று வரதராஜா தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அதை ஏன் இழவு வீட்டுக்காரர் மாதிரிச் சொல்லுறீங்கள்?"

கதவு தட்டப்பட்டது. கோட்டு வாங்க வந்து நின்றாள் சிறிதரனின் மனைவி, மேல்மாடி இரஞ்சிதம்.

"இரஞ்சிதம், கேளும்! இவரை விடமாட்டம் எண்டிட்டினமாம். தேத்தண்ணியும் நடந்திருக்கு. பரமற்றாவுக்கும் இவர்தான் போக வேணுமாம். இனி என்ன, வேலைக் கடிதம் வாறதுதான் மிச்சம்."

"மெய்யே அண்ணை?" இரஞ்சிதத்தின் கண்கள் விரிந்தன. "எங்கட இவரும் டொக்டருக்குப் படிச்சுப்போட்டு ஆஸ்பத்திரியில கட்டில் தள்ளுறார். அவருக்கும் அந்தக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதித் தாறீங்களே?"

வரதராஜா சுவரைப் பார்த்தார். "ம்... எழுதுவம்."

"கோட்டில கறை பிடிச்சிட்டுது, குறை நினையாதையும்," என்றாள் சந்திரவதனா, குறை நினைத்தால்தான் என்ன என்ற குரலில்.

"அதுக்கென்னக்கா, நல்ல காரியத்தில பிடிச்ச கறைதானே. இவரிட்டையும் சொல்லுறன், ராசியான கோட்டெண்டு."

இரஞ்சிதம் கோட்டை மடித்துக் கையில் ஏந்திக்கொண்டு படியேறினாள். சந்திரவதனா கதவைச் சாத்திவிட்டு வந்து மற்றக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லுங்கோ. தலைவர் என்ன சொன்னவர்? இஞ்சினியர் வேலையைப் பற்றி ஒரு சொல்லாவது சொன்னவரோ?"

"கொழும்பில எண்டால் பேரை மூண்டு தரம் கூப்பிடுவாங்கள்," என்றார் வரதராஜா மெல்ல. "இஞ்ச ஒருக்காத்தான் கூப்பிடுறவை. அது எனக்குத் தெரியாது. திரும்பக் கூப்பிடுவினம் எண்டுதான் நாலு மணி மட்டும் நிண்டனான்."

"என்ன விசர்க் கதை? உள்ளுக்குத்தானே நிண்டனீங்கள்? கூப்பிட்ட உடன, நான்தான் எண்டு சொல்லுறதுக்கென்ன?"

"தேத்தண்ணி ஊத்துற ஆள் இண்டைக்கு வரேல்லையாம். அந்தப் பொம்பிளை என்னைத்தான் அந்த ஆளெண்டு நினைச்சு, பெரிய கேத்திலைக் கையில தந்திட்டா. என்ர பேரை வாசிக்கேக்க நான் தலைவருக்குப் பக்கத்தில கேத்திலோட நிக்கிறன். அந்தக் கோலத்தில நான்தான் இஞ்சினியர் எண்டு எந்த வாயால சொல்லுறது? எல்லாரும் வாசலைப் பாத்தவை. தலைவர், 'ஆள் வரேல்லை, அப்ப குறையொண்டும் இல்லை' எண்டு எழுதச் சொல்லிப்போட்டு, என்னட்டைக் கோப்பையை நீட்டினார்: 'ரெண்டு கரண்டி சீனி.'"