சுரண்டாத பலகை

"ஏங்க, பாத்து! புள்ள மூக்கு இடிக்கு!"

ரீனா போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

பலகையின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன். மறுமுனையில் கண்காட்சி நடத்தச் சென்னையிலிருந்து வந்திருந்த கிருபாநிதி. வாசலில் திருப்பும்போது ஓவியத்தின் மூக்கு கதவு நிலையில் இடித்துவிட்டது.

ஓவியத்துக்கு இடிக்கிற அளவு மூக்கு இருக்குமா என்று கேட்பீர்கள். என் மனைவி வரைந்தால் இருக்கும்.

அது உடைத்த மீன்பிடி வள்ளத்தின் பலகை. எங்கள் கரையில் வள்ளத்தின் பழைய பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது அடிப்பார்கள். ரீனா சுரண்டமாட்டாள். மகனின் பிறந்தநாள் வந்தால், போன வருட முகத்தின் மேலேயே சிப்பித்தூளைப் பசையில் குழைத்து அப்பி, ஒரு வயது கூட்டி வரைவாள்.

மீசைக்கு அடியில் பள்ளிக்கூடத்துப் பையன் இருக்கிறான். அவனுக்கும் அடியில் பால்பல் விழுந்தவன். இப்போது நெற்றி, கன்னம், தாடை எல்லாம் பலகையைவிட்டு வெளியே வந்துவிட்டன.

"சுரண்டிட்டு வரைஞ்சா என்னளா?" என்று ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அம்மாடி! ஒரு வாரம் சோறு மட்டும் வைத்தாள், பேச்சு கிடையாது.

கிருபாநிதிக்கு ஒரே குழப்பம். கண்காட்சியில் இதை ஓவியங்களோடு மாட்டுவதா, சிற்பங்களோடு நிறுத்துவதா? "ரெண்டுக்கும் நடுவுல ஒரு மூலை இருக்கும்லா, அங்கன வைங்க" என்றேன். மனிதர் சிரிக்கவில்லை.

இவரை வரவழைத்ததே நான்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனுக்கும் பெண்டாட்டி பெயர் பேப்பரில் வர வேண்டும் என்ற ஆசை இருக்காதா?

அவர் போட்டது ஒரே நிபந்தனை. பலகை கைமாறிய பிறகு ரீனா அதில் ஒரு பொட்டு வண்ணம்கூட வைக்கக்கூடாது. மகனுக்கு இருபத்துமூன்றோடு வயது நின்றுவிடும்.

"சரி, கொண்டுட்டுப் போகட்டும்" என்றாள் ரீனா. சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய் அழுதாள். எனக்குக் கேட்டது.

மூச்சு வாங்கப் பலகையை வாசலில் இறக்கி வைத்தபோது கிருபாநிதி கேட்டார்.

"பையனோட போட்டோ ஒண்ணு குடுங்கம்மா, பக்கத்துல மாட்டலாம். அவர் எங்க, கப்பல்ல இருக்காரா?"

ரீனா இடிபட்ட மூக்கைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"போட்டோ கெடையாது சார். நானே பாத்ததில்ல. பொறந்தவன் அழல. எனக்கு மயக்கம் தெளியுமுன்ன கொண்டு போயிட்டாக. இவுக மட்டுந்தான் பாத்தாக."

கிருபாநிதி என்னைப் பார்த்தார்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போன ஆட்டோவில் அவன் என் மடியில் இருந்தான். மூக்கு என்னுடையது. நெற்றி ரீனாவுடையது. உதடு யாருடையது என்று பார்த்து முடிப்பதற்குள் ஆட்டோ நின்றுவிட்டது. பார்த்தவரை அவளுக்குச் சொன்னேன். மிச்சத்தை இருவருமாக வருடா வருடம் வளர்த்து வருகிறோம்.

"தூக்கலாமா டெரன்ஸ் சார்?" கிருபாநிதியின் குரல் இறங்கியிருந்தது.

எனக்குக் கை வரவில்லை.

"தப்பா நெனைக்காதீய சார். நீங்க அந்த முனைய விட்டுருங்க. அடுத்த மாசம் புள்ளைக்கு இருபத்துநாலு."