அழித்த ஜாதகங்கள்

பொன்னப்பன் ஜோசியரின் கம்ப்யூட்டருக்குள் என் ஜாதகம் பூட்டிக் கிடந்தது. அமிர்தாவின் ஜாதகமும் அதற்குள்ளேதான்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கல்யாண நிச்சயம். இன்று வெள்ளி. நான்கு மணிக்குப் பாலராமபுரத்திலிருந்து அமிர்தாவின் மாமன் ரெத்தினதாஸ் பொருத்தக் காகிதம் வாங்க வருவார். காகிதம் கையில் வராமல் நிச்சயம் கிடையாது என்று போனிலேயே சொல்லியிருந்தார்.

பாறசாலையில் ஜோசியருக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் மெக்கானிக் நான் ஒருவன்தான். அதனால் மாப்பிள்ளையே ஸ்குரூ டிரைவரோடு வர வேண்டியதாயிற்று.

"ராகு காலத்தில தொறந்துபோட்டேன் மக்கா. அதாக்கும் இப்பிடி ஆச்சு" என்றார்.

திறந்தது ஓர் இமெயிலை. ஜாதகம் என்று பெயர் போட்டு வந்த எதையும் அவர் திறந்துவிடுவார். இந்தமுறை உள்ளே இருந்தது பணம் பறிக்கும் வைரஸ். பதினான்கு வருட ஜாதகங்களைப் பூட்டிவிட்டு, சாவி வேண்டுமானால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் பணம் அனுப்பு என்று திரையில் எழுதி வைத்தது.

பயந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் முடியும்வரை என்னையும் எதையும் தொட விடவில்லை.

அதைவிடச் சரியான காரியத்தை நானே செய்திருக்க முடியாது.

இந்த வைரஸ் முதலில் ஒரு கோப்பைப் படிக்கும். பூட்டிய நகல் ஒன்றை வேறிடத்தில் எழுதும். பிறகு அசலை அழிக்கும். அந்தப் பூட்டைச் சாவியில்லாமல் திறக்க என்னால் ஆகாது. ஆனால் அழிப்பது வேறு சங்கதி. பழைய ஹார்ட் டிஸ்க்கில் அழிப்பது என்றால், புத்தகத்தின் பொருளடக்கத்தில் ஒரு வரியை அடிப்பது, அவ்வளவுதான். பக்கம் உள்ளே அப்படியே இருக்கும், அதன்மேல் வேறெதையாவது எழுதும்வரை. கம்ப்யூட்டர் ஓடவில்லையென்றால் யார் எழுதப்போகிறார்கள்?

வைரஸை நீக்குவது பெரிய வேலையில்லை. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றலாம். அதற்கு முன் பக்கங்களை மீட்க வேண்டும்.

டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டினேன், படிக்க மட்டும் முடிகிறபடி. தேடி முடிக்க இரண்டு மணி நேரம் காட்டியது.

அதுவரை ஏன் சும்மா இருக்க வேண்டும், ஜாதக மென்பொருளை லேப்டாப்பில் ஏற்றிப் புதிதாகவே கணிக்கலாமே என்றேன். என் பிறந்த நேரம் காலை ஏழு ஐம்பத்தெட்டு.

அது அம்மாவுக்கும் ஜோசியருக்கும் எனக்கும் மட்டுமே சொந்தமான நேரம். நான் பிறந்தது ஏழு நாற்பதுக்கு. கிழக்கே ஒரு ராசி உதித்து முடிய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். என் ராசி முடியும் தறுவாயில் நான் பிறந்தேன். பதினெட்டு நிமிடம் தள்ளினால் அடுத்த ராசி லக்னமாகும். எல்லாக் கிரகமும் ஒரு வீடு பின்னுக்குப் போகும். ஏழாம் வீட்டுச் செவ்வாய் ஆறாம் வீட்டுக்குப் போய்விட்டால் தோஷமில்லை. அந்த ஏழாம் வீட்டைப் பார்த்து நான்கு பெண்வீட்டார் திரும்பிப் போன பிறகுதான் அம்மா ஜோசியரைத் தேடி வந்தாள்.

ஜோசியர் சம்மதிக்கவில்லை. பெண்ணின் நேரம் நிமிடக் கணக்கில் நினைவில்லையாம். பெண்வீட்டாரிடம் கேட்கலாம் என்றேன். கேட்கவே கூடாது என்றார்.

காரணம் இரண்டரை மணிக்குத் திரையில் வந்தது.

தேடும் மென்பொருளுக்கு எதை வைரஸ் அழித்தது, எதை ஜோசியர் அழித்தார் என்ற பாகுபாடு தெரியாது. அது எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தது. தீபு என்று என் பெயரில் இரண்டு கோப்பு. அது எதிர்பார்த்ததுதான்.

அமிர்தா என்றும் இரண்டு.

ஜோசியர் எழுந்துபோய் ஃபேனைக் கூட்டி வைத்தார்.

ஒன்றில் மாலை ஐந்து ஐம்பத்திரண்டு, ஏழில் செவ்வாய். மற்றதில் ஆறு நாலு, ஆறில் செவ்வாய்.

தோஷமுள்ளவனுக்குத் தோஷமுள்ளவளைச் சேர்த்தால் இரண்டும் தீர்ந்துவிடும் என்பது அவர் சாஸ்திரம். ஜோசியர் அழித்த அசல் ஜாதகங்கள் இரண்டையும் சேர்த்துப் பொருத்தத்துக்குக் கொடுத்தேன். இரண்டு வினாடியில் உத்தமம் என்று வந்தது.

திருத்திய இரண்டையும் கொடுத்தேன். மத்திமம். அமிர்தாவின் செவ்வாயை நகர்த்தியபோது, ஒன்பதில் சும்மா இருந்த சனி எட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு கிரகத்தை மட்டும் தனியாக நகர்த்த முடியாது.

இரண்டு அம்மாக்கள், வேறு வேறு வருடங்களில், யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டு போனவர்கள். அசல்களைச் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றியதே இல்லை. உத்தமத்தை அச்சடிக்கட்டுமா என்று கேட்டேன்.

"அத காட்டினா பொருத்தம் உண்டு மக்கா. கல்யாணம் இல்ல."

மத்திமத்தை அச்சடித்தேன், அவர்களுக்கு மலையாளத்தில் ஒன்று, எங்களுக்குத் தமிழில் ஒன்று.

ரெத்தினதாஸ் சொன்னபடி நான்கு மணிக்கு வந்துவிட்டார். நின்றபடியே இரண்டு தடவை படித்தார். உத்தமமாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும், வீட்டில் என்ன சொல்வார்களோ என்றார். நான் லேப்டாப்பை மூடினேன்.

கடைசியில் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சாரமில்ல, மத்திமம் போதும். எங்க பிள்ளைக்கு ஒரு தோஷமும் கிடையாதுல்லா" என்றார், என்னைப் பார்க்காமல், ஜோசியரைப் பார்த்து.

எனக்கும் கிடையாது என்று நானும் ஜோசியரைப் பார்த்தே சொன்னேன்.